ரன்அவே ட்ரிம்: கட்அவுட் சுவிட்சுக்கு முன்பும் பின்பும்

போயிங் 737 சிமுலேட்டரில் ரன்அவே ஸ்டெபிலைசர் (வாலில் உள்ள கிடைச்சிறகான ஸ்டெபிலைசர், விமானி சொல்லாமலே ஓடி மூக்கை ஏற்றவோ இறக்கவோ செய்யும் கோளாறு) பயிற்சி எடுத்தவர்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். முழங்கால் ஓரத்தில் ஸ்டெபிலைசரின் கோணத்தைச் சரிசெய்யும் (ட்ரிம்) கறுப்புச் சக்கரம் கடகடவென்று சுற்றும், அதிலுள்ள வெள்ளைக் கோடு ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் எல்லாம் சரியாக இருக்கும்போதும் சக்கரம் இதே சத்தத்தோடுதான் சுற்றும். டேக்-ஆஃப் ஆனதும் ஸ்பீடு ட்ரிம் என்னும் தானியங்கி அமைப்பு தன்பாட்டுக்கு வேலை செய்யும். அதனால் கோளாறைக் கண்டுபிடிப்பதில்தான் நேரம் போகிறது.

கோளாறு வந்தால் மனப்பாடமாகச் செய்ய வேண்டிய வரிசை சின்னதுதான். யோக்கை (விமானியின் கைக் கட்டுப்பாட்டுத் தண்டை) இறுகப் பிடிக்க வேண்டும். ஆட்டோபைலட்டையும், எஞ்சின் விசையைத் தானே கட்டுப்படுத்தும் ஆட்டோத்ராட்டிலையும் துண்டிக்க வேண்டும். மூக்கை யோக்காலும் அதிலுள்ள கட்டைவிரல் ட்ரிம் சுவிட்சாலும் (மின் ட்ரிம்), வேகத்தை எஞ்சின் விசையை (த்ரஸ்ட்) மாற்றும் த்ரஸ்ட் லீவராலும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அப்படியும் ஓட்டம் நிற்காவிட்டால் ட்ரிம் மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்அவுட் சுவிட்சுகள் இரண்டையும் போட வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் சக்கரத்தையே கையால் பிடித்து நிறுத்த வேண்டும்.

பலர் அவசரப்படுவது கட்அவுட்டில்தான். அதைப் போட்டபின் மின் ட்ரிம் கிடையாது. எனவே கட்டைவிரல் சுவிட்ச் வேலை செய்யும்வரை அதை விடாமல் அழுத்தி, யோக்கில் உள்ள பாரம் குறைந்த பிறகே கட்அவுட் போட வேண்டும். 2019 மார்ச் 10 அன்று அடிஸ் அபாபாவிலிருந்து கிளம்பி விழுந்து நொறுங்கிய எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் 302 (737 மேக்ஸ்) விமானத்தில் கட்அவுட் போட்டபோது ட்ரிம் 2.3 யூனிட்டில் நின்றது (எண் குறையக் குறைய மூக்கு கீழ்நோக்கும்). கிளம்பியபின் அது 4.6 வரை இருந்தது. த்ரஸ்டும் டேக்-ஆஃப் அளவிலிருந்து குறையவில்லை, வேகம் 340 நாட் (மணிக்கு 340 கடல் மைல்) அளவைத் தாண்டியது. மூக்கைத் தூக்க யோக்கை இழுக்க இழுக்க, ஸ்டெபிலைசரை நகர்த்தும் ஜாக்ஸ்க்ரூமீது சுமை ஏறும். அந்த வேகத்தில் கைச் சக்கரம் அசைவதே கடினம்.

737 மேக்ஸ் விமானத்தின் எம்காஸ் (மூக்கைத் தானே கீழிறக்கும் மென்பொருள்) இன்னொரு விதத்திலும் ஏமாற்றியது. பயிற்சியில் ட்ரிம் ஒரே மூச்சில் ஓடும். எம்காஸோ சுமார் 9 விநாடி ஓடி 2.5 டிகிரி வரை மூக்கை இறக்கும். விமானி எதிர் ட்ரிம் கொடுத்தால் அடங்கும், விரலை எடுத்து 5 விநாடியில் மறுபடி கிளம்பும். யோக்கைப் பின்னால் இழுத்தால் ட்ரிம் ஓட்டம் நிற்கும் பழைய பாதுகாப்பு அதற்குப் பொருந்தவில்லை. கூடவே யோக்கை உலுக்கி எச்சரிக்கும் ஸ்டிக் ஷேக்கர் நடுங்கும், இரு பக்க வேகமானியும் ஒத்துவராது. 2018 அக்டோபர் 29 அன்று விழுந்து நொறுங்கிய லயன் ஏர் 610 மேக்ஸ் விமானத்தில் கேப்டன் 20 முறைக்கு மேல் எதிர் ட்ரிம் கொடுத்துச் சமாளித்தார். கட்டுப்பாடு கோ-பைலட்டிடம் போனபின் எதிர் ட்ரிம் போதவில்லை. அதே விமானம் முந்தைய நாள் கட்அவுட் போட்டு, கையால் ட்ரிம் செய்து, ஜகார்த்தாவில் இறங்கியிருந்தது.

இந்த விபத்துகளால் பறக்கத் தடைசெய்யப்பட்ட மேக்ஸ் 2020 நவம்பரில் திரும்ப அனுமதிக்கப்பட்டபோது எம்காஸ் விமானம் காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை அளக்கும் இரண்டு ஏஓஏ சென்சாரையும் ஒப்பிடும்படி மாற்றப்பட்டது. இரண்டுக்கும் 5.5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் அது ஒதுங்கிக்கொள்ளும்.

கட்அவுட்டுக்குப் பின் கைச் சக்கரம் இறுகிவிட்டால் முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும். சக்கரத்தில் மடங்கியிருக்கும் கைப்பிடியை வெளியே இழுத்து இருவரும் சேர்ந்து சுற்றலாம். உயரம் இருந்தால் யோக்கைக் கொஞ்சம் தளர்த்தி, சுமை குறையும் அந்த நொடிகளில் சில சுற்று, பிறகு மறுபடி மூக்கைத் தூக்கி, மறுபடி தளர்த்தி. தாழ்வாகப் பறக்கும்போது இந்த உத்திக்கு இடமில்லை. ஒன்று கவனம்: கைப்பிடியை மடக்காமல் விட்டு மின் ட்ரிம் ஓடினால் முழங்காலைப் பதம் பார்த்துவிடும்.

தரையிறங்கும்போது இறக்கையிலிருந்து நீளும் தகடான ஃப்ளாப் ஒவ்வொரு படி இறங்கும்போதும் ட்ரிம் தேவை மாறும், கைச் சக்கரமோ மெதுவாகத்தான் ஈடுகொடுக்கும். அதனால் ஃப்ளாப், கியர் (தரையிறங்கும் சக்கரங்கள்) எல்லாவற்றையும் வழக்கத்தைவிட முன்கூட்டியே இறக்கி, ட்ரிம்மைச் சரிசெய்துவிட்டுத்தான் அப்ரோச்சைத் தொடங்க வேண்டும்.