மலை இருந்தால் அது மேற்கு

ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை. மெல்போர்னில் அது குளிர்காலம். காலையில் பூங்காவுக்கு நடக்கப் போன அப்பா பத்து மணியாகியும் திரும்பவில்லை. தேடிப் போனேன். வீட்டுக்கு நேர் எதிர்த்திசையில், ஒரு பஸ் நிறுத்தத்தில் கைகளை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி, பூங்காவுக்கு மேக்க நாலாவது தெருன்னு நீதான சொன்ன? மலையைப் பாத்துத்தான நடந்தேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்பு என்னுடையது. அம்பாசமுத்திரத்துக்காரரிடம் மேக்க என்று சொன்னால் அவர் வேறு எங்கே போவார்? வயலில் நின்றாலும் ரயிலடியில் நின்றாலும், நிமிர்ந்தால் பொதிகை. அதுதான் மேக்க. அங்கே பிறக்கிற தாமிரபரணி கிழக்கே ஓடிக் கடலில் சேரும். பந்தியில்கூட "சாம்பார் வாளியைக் கெழக்க கொண்டு போ" என்பார்கள். இடது, வலது எல்லாம் நான் பள்ளிக்கூடத்தில் கற்றதுதான்.

இங்கே அத்தனையும் மாறிக் கிடக்கிறது. டாண்டினாங் மலை நகருக்குக் கிழக்கே. யாரா ஆறு மேற்கு நோக்கி ஓடிக் கடலில் விழுகிறது. நண்பகல் சூரியன் வருஷம் முழுக்க வடக்கே நிற்கும்; ஜூன் கடைசியில் 30 பாகை உயரம்கூட ஏறாது. நகரத்தின் நடுவிலோ, 1837-ல் ராபர்ட் ஹாடில் அளந்து போட்ட தெருக்கள் திசைக்கு நேராக இல்லை. ஆற்றங்கரைக்கு ஏற்பச் சாய்ந்தவை. கோடையில் வடக்கிலிருந்து வரும் காற்று உள்நாட்டுப் பாலையின் அனலைக் கொண்டுவந்து கொட்டும். தெற்குக் காற்று குளிர்கடலைத் தாண்டி வந்து எலும்பில் குத்தும். மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். தென்றல் குத்துவதை மட்டும் என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

பதினோரு வருஷமாகிவிட்டது, ஊர் பழகிவிட்டது என்றுதான் அப்பாவிடம் சொல்லியிருந்தேன். உண்மையும்தான். ஆனால் வேலை முடிந்து குளென் வேவர்லி ரயிலில் வரும்போது தூரத்தில் அந்த மலை நீலமாகத் தெரிந்தால், பொழுது அதற்குப் பின்னால் இறங்கப் போகிறதென்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அறுத்த வயலின் வாடை, கொட்டிலுக்குத் திரும்பும் மாடுகளின் மணிச்சத்தம், எல்லாம் வரும். சூரியன் மட்டும் என் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டிருக்கும்.

அன்று ராத்திரி அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டார்: "அப்போ வடக்கு எது?"

கையைக் காட்டினேன். எழுந்து, தலையணையை எடுத்துக் கால்மாட்டில் போட்டார்.

"மூணு வாரமா வடக்க தலை வச்சுல்லா படுத்திருக்கேன்."