கனோசா: ராஜா மூணு நாள் பனில நின்ன மலைக்கு நானும் போயிட்டு வந்துட்டேன்

நேத்து ராத்திரிதான் வந்து சேர்ந்தேன், கால் வலி இன்னும் போகல, ஆனா இத இப்பவே எழுதலன்னா அந்தச் சூடு ஆறிடும். செலவு, ரூட் எல்லாம் வரிசையா எழுதறேன்னு சில பேருக்கு வாக்கு குடுத்திருக்கேன், முடிஞ்சவரைக்கும் பாக்கறேன்.

ஜெர்மனில மான்ஹைம்ல வேலைக்குச் சேர்ந்த புதுசுல, ஆபீஸ்ல ஒருத்தர் கோவிச்சுக்கிட்ட கஸ்டமர்கிட்ட மன்னிப்பு கேக்கப் போனப்ப, பக்கத்து சீட்காரர் "கனோசாவுக்குப் போறாரு"ன்னு சொன்னார். ஏதோ ஊருக்கு டூர் போறார் போலன்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சது, ஜெர்மன்ல யார்கிட்டயாவது இறங்கிப் போறதுக்கே அதான் பேரு. 1077ல ஜெர்மன் ராஜா நாலாம் ஹென்றி, போப்கிட்ட மன்னிப்பு கேட்டு பனில மூணு நாள் நின்ன இத்தாலி மலைக்கோட்டைதான் கனோசா. 1872ல போப்போட தகராறு நடந்தப்ப ஜெர்மன் சான்சலர் பிஸ்மார்க் பார்லிமென்ட்லயே "நாம கனோசாவுக்குப் போகமாட்டோம்"னு பேசியிருக்கார். 800 வருஷம் கழிச்சும் இவ்வளவு உறுத்துதுன்னா அந்த இடத்தைப் பாத்தே ஆகணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

ராத்திரி பஸ்ல மிலான், அங்கருந்து ரெட்ஜோ எமிலியா, அங்கருந்து சின்ன லோக்கல் ட்ரெயின் பிடிச்சு கடைசி ஸ்டேஷன் சியானோ. அதுவரைக்கும் எல்லாம் சல்லிசா முடிஞ்சது. அதுக்கப்புறம்தான் கொடுமை. மலைக்கு பஸ் இருக்குன்னு ஸ்டாப்ல பேப்பர் ஒட்டியிருக்கு, நேரமும் போட்டிருக்கு, நான் நவம்பர் குளிர்ல முக்கால் மணி நேரம் நின்னேன், பஸ்ஸே வரல. அந்தப் பக்கம் வந்த ஒரு பாட்டிம்மா கீழ பொடி எழுத்துல போட்டிருந்ததைக் காட்டினாங்க, சனிக்கிழமை கிடையாதாம். அத மேல பெருசா எழுதினா என்ன குறைஞ்சிடும்? அப்புறம் ஒரு டாக்சி. ஏறும்போது 25 யூரோன்னு சொன்னவர் மேல போய் இறங்கினதும் 40 கேக்கறார், திரும்பி காலியா போகணுமாம். எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இத்தாலியன்ல சண்டை போட்டுப் பாத்தேன், ஒண்ணும் நடக்கல. என் ரெண்டு நாள் சாப்பாட்டுக் காசு அது. தயவுசெஞ்சு ஏறுறதுக்கு முன்னாடியே ரேட்டை போன்ல டைப் பண்ணிக் காட்டி தலையாட்ட வைச்சுக்கோங்க.

இறங்கி நிமிர்ந்து பாத்தா வெள்ளை வெளேர்னு ஒரு பாறை, மேல ரெண்டு மூணு உடைஞ்ச சுவர், உள்ள ஒரு சின்ன மியூசியம், அவ்வளவுதான். 1255ல ரெட்ஜோக்காரங்க வந்து கோட்டையை இடிச்சுத் தள்ளிட்டாங்க. போட்டோவுக்காக வர்றவங்க ஏமாந்துதான் போவாங்க, உண்மையைச் சொல்லிடறேன். ஆனா நடந்தது தெரிஞ்சு போனா அந்த இடத்தை விட்டு நகர மனசு வராது.

சண்டை எதுக்குன்னா, பிஷப்பை யார் நியமிக்கறது. கேக்க சின்ன விஷயமா தெரியும். ஆனா அந்தக் காலத்து பிஷப்புன்னா நிலம், வரி, படைவீரர் எல்லாம் கையில வச்சிருக்கற ஆள், குழந்தை குட்டி கிடையாது, அவர் செத்தா அந்தப் பதவி திரும்ப ராஜா கைக்கே வரும், வேண்டிய ஆளுக்கு மோதிரமும் கோலும் குடுத்து உக்கார வைக்கலாம். ராஜாவோட நிர்வாகமே அதுலதான் ஓடுது. ஏழாம் கிரிகோரி போப்பானதும் இதெல்லாம் சபையோட வேலை, அரசனுக்கு இதுல என்ன உரிமைன்னு நின்னுட்டார். 1075ல மிலான் ஆர்ச்பிஷப் பதவில நாலாம் ஹென்றி தன் ஆளை வைக்க, முட்டிக்கிச்சு. 1076 ஜனவரில வோர்ம்ஸ் நகர்ல பிஷப்புகளைக் கூட்டி "நீ போப்பே இல்ல, இறங்கு"ன்னு ஹென்றி லெட்டர் போட்டார். அடுத்த மாசமே கிரிகோரி அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கி, குடிமக்கள் அவருக்குக் குடுத்த சத்தியம் செல்லாதுன்னும் அறிவிச்சுட்டார். ஏற்கனவே கடுப்புல இருந்த ஜெர்மன் பிரபுக்களுக்கு இது போதாதா? ஒரு வருஷத்துக்குள்ள விலக்கம் நீங்கலன்னா உன்னை ராஜாவா ஏத்துக்கமாட்டோம்னு கெடு வச்சுட்டாங்க.

ஹென்றிக்கு அப்ப வயசு 26. ரைன் நதியே உறைஞ்சு கிடந்த குளிர்காலம். மனைவி பெர்த்தாவையும் மூணு வயசுகூட நிரம்பாத பையனையும் கூட்டிக்கிட்டு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டியிருக்கார், இறங்கும்போது பெண்களை மாட்டுத் தோல்ல உக்கார வைச்சு பனில இழுத்துக்கிட்டு வந்தாங்கன்னு ஹெர்ஸ்ஃபெல்ட் லாம்பெர்ட்ங்கற துறவி எழுதி வச்சிருக்கார். ஜெர்மனிக்குப் போயிட்டிருந்த போப், ராஜா படையோட வர்றார்னு பயந்து தன் பக்கம் இருந்த மட்டில்டாங்கற சீமாட்டிக்குச் சொந்தமான இந்தக் கோட்டைக்குள்ள வந்து புகுந்துக்கிட்டார். வந்தது படை இல்ல. வெறுங்கால், கம்பளித் துணி, பட்டினி. 1077 ஜனவரி கடைசில மூணு நாள் கதவு திறக்கல.

நான் ஷூ, ஜாக்கெட், கையுறை எல்லாம் மாட்டிக்கிட்டு அந்தச் சுவர் பக்கத்துல இருபது நிமிஷம் நின்னேன். காத்து அப்படியே எலும்புல ஏறுது. அங்க நின்னப்பதான் எனக்கு ஒண்ணு உறைச்சது, ராஜா அவமானப்பட்ட கதைன்னுதான் எல்லாரும் சொல்றாங்க, எனக்கு அப்படித் தோணல. மாட்டிக்கிட்டவர் போப். பாவமன்னிப்பு கேட்டு ஒருத்தன் வாசல்ல வெறுங்கால்ல நிக்கறப்ப எந்தப் பாதிரியார் முடியாதுன்னு சொல்ல முடியும்? மன்னிச்சா ஜெர்மன் பிரபுக்கள் தங்களைக் கைவிட்டுட்டார்னு கோவிச்சுப்பாங்க, மன்னிக்கலன்னா அவர் பாதிரியாரே இல்ல. உள்ள இருந்த சில பேர் இது கொடுங்கோலன் செய்யற வேலைன்னு சொன்னாங்கன்னு கிரிகோரியே தன் கடிதத்துல எழுதியிருக்கார். மட்டில்டாவும், ஹென்றியோட ஞானத்தந்தை க்ளூனி மடத்துத் தலைவர் ஹியூவும் கெஞ்சினதுக்கப்புறம் மன்னிப்பு கிடைச்சது. கெடு முடியறதுக்குள்ள காரியம் முடிஞ்சது. அப்படியும் மார்ச்சுலயே பிரபுக்கள் ருடால்ஃப்ங்கற இன்னொரு பிரபுவை வேற ராஜாவா தேர்ந்தெடுத்துட்டாங்கங்கறது தனிக் கதை.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மட்டில்டாதான். 15 வருஷம் கழிச்சு, 1092ல, அதே ஹென்றி படையோட இதே மலைக்கு வந்தப்ப அவங்க ஆளுங்க அடிச்சுத் துரத்தியிருக்காங்க. இந்தம்மா பேர் நம்ம பாடப்புத்தகத்துல ஏன் வரல?

டாக்சிக்கு இனி காசு குடுக்கறதில்லன்னு இறக்கத்துல நடந்தே வந்தேன், வழில செம்பாறை மேல ரொசேனா கோட்டை, அது இன்னும் முழுசா நிக்குது, பாக்கவே கம்பீரம். கீழ வந்து ரெட்ஜோல ஒரு பேக்கரில எர்பட்ஸோனே சாப்பிட்டேன் பாருங்க! கீரையும் பார்மேசான் சீஸும் அடைச்சு மொறுமொறுன்னு சுட்ட அடை மாதிரி, சுடச்சுட, ரெண்டு துண்டு 5 யூரோ. காலைலருந்து இருந்த எரிச்சல் எல்லாம் போச்சு, மூணாவது துண்டும் வாங்கினேன். சைவக்காரங்க மட்டும் கவனம், கீரைதானேன்னு வாங்கிடாதீங்க, நிறைய கடைல பன்னிக் கொழுப்பு சேப்பாங்க, கேட்டு வாங்குங்க.

செலவுக் கணக்கு கேட்டவங்களுக்கு: டாக்சியைத் தவிர எல்லாமே பட்ஜெட்டுக்குள்ள. வாரநாள்ல போங்க, பஸ் நேரத்தை ஸ்டேஷன்லயே கேட்டுக்கோங்க, நல்ல ஷூ போட்டுக்கோங்க.

அடுத்து ஸ்பையர், மான்ஹைம்லருந்து பக்கம்தான். கிரிகோரி 1080ல ஹென்றியைத் திரும்பவும் விலக்கினார், ஹென்றி ரோமைப் பிடிச்சார், கிரிகோரி ரோமை விட்டுப் போய் 1085ல சலேர்னோல செத்தார். ஹென்றி 1106ல சாகும்போதும் விலக்கம் நீங்கல, அதனால ஸ்பையர் கதீட்ரல்ல அவர் உடலை அர்ச்சிக்கப்படாத ஒரு சிற்றாலயத்துல அஞ்சு வருஷம் வச்சிருந்து, 1111லதான் அப்பா தாத்தா பக்கத்துல அடக்கம் பண்ணாங்க. அந்தச் சிற்றாலயத்துல கொஞ்ச நேரம் உக்காரணும்.