சங்கு அடங்குவதற்குள்

எங்கள் அப்பா கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையில் முப்பது வருடம் ஸ்பின்னிங்கில் இருந்தார். முதல் சங்கு ஊதும்போது சைக்கிளை எடுத்தாலே காலை ஷிப்டுக்கு நேரத்தில் போய்விடலாம். அவரோ அதற்கு முன்பே மில் வாசல் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். கடைசிச் சங்கு அடங்கியதும் வாட்ச்மேன் கேட்டைச் சாத்திவிடுவார், அன்றைய கூலி போச்சு. பழனிக்குப் போவதானாலும் ஒரு மணி நேரம் முன்னதாகவே உக்கடம் பஸ் ஸ்டாண்டில் எங்களைக் கொண்டுபோய் நிறுத்துவார். கூடப்பிறந்த அண்ணனும் நானும் அதை எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறோம்.

நான் நூற்பு இயந்திரங்களுக்கான சர்வீஸ் இன்ஜினியர். 2019 ஜூனில் பார்சிலோனாவில் ஐடிஎம்ஏ நடந்தது. நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் ஜவுளி இயந்திரக் கண்காட்சி அது. அந்த மாதம் கோவையிலும் திருப்பூரிலும் பாதிப் பேர் விசாவுக்கு ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்றால் மிகையில்லை. எங்கள் ஸ்டாலில் ஓட வேண்டிய ரிங் ஃப்ரேம் என்ற நூற்பு இயந்திரத்தில், மோட்டாரை ஓட்டும் மின்னணு டிரைவ் கார்டு ஒன்று பழுதாகிவிட்டது. திறப்பு 20-ஆம் தேதி. ஸ்பேர் கார்டோடு நானும் எங்கள் சீனியர் ஃபிட்டர் அண்ணனும் கிளம்பினோம். அன்னூர்க்காரர், அப்போதே ஐம்பத்தைந்து தாண்டியவர்.

கோவை, மும்பை, ஃபிராங்க்ஃபர்ட், பார்சிலோனா. ஃபிராங்க்ஃபர்ட்டில் மாறுவதற்கு 70 நிமிடம்தான். "கொஞ்சம் கம்மியா இருக்குதுங்களே" என்று டிக்கெட் போட்டவரிடம் கேட்டேன். "அங்க 45 நிமிசமே போதுமுங்க சார், சிஸ்டமே குடுக்குதுங்க" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச மாற்று நேரம் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குக் கீழே இருந்தால் கணினியே ஒரே டிக்கெட்டாகச் சேர்த்துக் கொடுக்காது. ஒரே டிக்கெட்டாக இருந்துவிட்டால், விமானத்தைத் தவறவிட்டாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. அடுத்தது எப்போது என்பதுதான் கேள்வி. ஸ்டாலில் இயந்திரம் நின்றுகொண்டிருக்கும்போது சாயங்கால விமானம் கிடைத்து என்ன பயன்?

இந்த 70 நிமிடத்தை இப்போது மில் ஆளாகவே கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். டிக்கெட்டில் உள்ள வருகை நேரம் என்பது விமானம் நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும் நேரம். நாம் இறங்கும் நேரம் அல்ல. புறப்பாட்டு நேரம் என்பது விமானம் நகரத் தொடங்கும் நேரம். கேட்டை அதற்குக் கால் மணி நேரம் முன்பே சாத்திவிடுவார்கள். ஆக 70-இல் 15 முதலிலேயே போயிற்று. நாங்கள் பின்பக்கம், நாற்பதாவது வரிசைக்கு மேல். விமானத்தைக் கட்டிடத்தில் சேர்க்காமல் தள்ளி நிறுத்தியதால் படியிறங்கிப் பஸ் ஏற வேண்டியிருந்தது. அதில் இன்னொரு 15. அதோடு விமானமே கால் மணி நேரம் தாமதம். அந்த வருடம் பிப்ரவரி கடைசியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியிருந்தது, ஜூலை நடுவில்தான் திறந்தது. நம்மூரிலிருந்து மேற்கே போன விமானங்கள் பலவும் சுற்றித்தான் போயின. எங்கள் தாமதத்துக்கு அதுதான் காரணமா, மும்பையில் கிளம்பும்போதே இழுத்ததா, யாரும் சொல்லவில்லை. மிச்சம் 25 நிமிடம்.

இந்த 25-க்குள் பாஸ்போர்ட், செக்யூரிட்டி, நடை, மூன்றும் முடிய வேண்டும். பார்சிலோனா போகிறவனுக்கு எதற்கு ஜெர்மனியில் பாஸ்போர்ட் சோதனை என்று எங்கள் ஆபீஸில் இன்றும் கேட்கிறார்கள். ஒரே விசாவில் போய்வரும் ஷெங்கன் என்ற ஐரோப்பிய நாடுகளுக்குள் முதலில் எங்கே கால் வைக்கிறோமோ அங்கேதான் இமிக்ரேஷன். அதற்குப் பிறகு ஸ்பெயினுக்குப் போவது நமக்கு மும்பை போகிற மாதிரி.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நான் ஓட ஆரம்பித்தேன். பின்னாலிருந்து குரல்.

"ஓடாத கண்ணு. மொதல்ல போர்டப் பாரு."

"நேரமில்லீங்ணா!"

"நேரமில்லைன்னுதாஞ் சொல்றேன்."

அண்ணாந்து நின்று, வாயில் விரல் வைத்துக்கொண்டு, வரிசை வரிசையாகப் படித்தார். ஆங்கிலம் அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். எனக்குக் கை கால் பதறியது. கடைசியில் கண்டுபிடித்தார். எங்கள் கையில் இருந்த போர்டிங் பாஸில் ஒரு கேட், போர்டில் வேறு கேட். நான் ஓடியிருந்தால் வெசையாகத் தப்பான இடத்துக்குப் போயிருப்பேன்.

பாஸ்போர்ட் வரிசை கோயில் பிரசாத வரிசை மாதிரி வளைந்து வளைந்து நின்றது. வரிசையில் நிற்பதே மரியாதை என்று நான் நின்றேன். அண்ணன் நேராக அங்கே நின்ற பணிப்பெண்ணிடம் போய், போர்டிங் பாஸில் நேரத்தைத் தொட்டுக் காட்டி, தன் கைக்கடிகாரத்தையும் தொட்டுக் காட்டினார். கடிகாரம் இன்னும் இந்திய நேரத்தில், மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது! அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்துக் குழம்பி, பாஸைப் பார்த்துத் தெளிந்து, கயிற்றை விலக்கி எங்களை முன்னால் விட்டார். கேட்டால் விடுவார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

செக்யூரிட்டியில் மாட்டினோம். மும்பையில் ஒருமுறை சோதித்தது இங்கே செல்லாது. வெள்ளிநிற உறைக்குள் கம்பியும் சிப்புமாக ஒரு கார்டு, பக்கத்தில் அண்ணன் பையில் அரைக் கிலோ பருப்புப்பொடி. திரையில் அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்தால் சோதித்த ஆள்மேல் கோபம் வரவில்லை. ஒரு துணியால் பொடிப் பொட்டலத்தைத் துடைத்து, அந்தத் துணியை வெடிமருந்து சோதிக்கும் இயந்திரத்தில் வைத்தார், கார்டின் உறையையும் துடைத்து வைத்தார். கண்காட்சி அழைப்புக் கடிதத்தைக் காட்டினேன். ஆறு நிமிடம் போயிற்று. கார்டுக்கு என்ன சாமான், எதற்கு என்று கம்பெனி தலைப்பில் ஒரு தாள் அடித்து மேலேயே வைத்திருந்தால் அதில் பாதி மிச்சமாகியிருக்கும். இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

அப்புறம் பி பகுதியிலிருந்து ஏ பகுதிக்குச் சுரங்க நடை. அதில் மட்டும் அண்ணனும் ஓடினார், வேட்டியை மடித்துக் கட்டிய வேகத்தில், பேன்ட் போட்டிருந்தபோதும். கேட்டுக்குப் போனபோது சாத்தும் நேரம் தாண்டி நான்கு நிமிடம். கதவு திறந்துதான் இருந்தது. அந்த விமானமே பத்து நிமிடம் தாமதமாம். திறமை என்று மார்தட்ட எதுவுமில்லை.

நாங்கள் போய்விட்டோம், பெட்டி போகவில்லை. மல்டிமீட்டர், ஆலன் கீ செட், டயல் கேஜ் எல்லாம் செக்-இன் பெட்டியில். பெட்டிக்கு யார் கயிற்றை விலக்கி விடுவார்கள்? ஸ்டாலில் கையில் கார்டோடு வெறுமனே நின்றோம். இரண்டு வரிசை தள்ளி நம்மூர்ப் போட்டிக் கம்பெனி ஸ்டால். அண்ணன் போய், "ஏனுங்க, ஸ்பேனர் செட்டு ஒண்ணு குடுங்க, ராத்திரி தந்தர்றேன்" என்று வாங்கி வந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்பிண்டில் சுற்றியது. பெட்டி மறுநாள் மத்தியானம் வந்தது.

2023-இல் மிலானில் ஐடிஎம்ஏ. இந்த முறை மூன்று மணி நேரத்துக்குக் குறைந்தால் டிக்கெட்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விமானம் முன்னதாகவே வந்து சேர்ந்தது, பாஸ்போர்ட் வரிசையில் பத்துப் பேர்கூட இல்லை. அதே ஃபிராங்க்ஃபர்ட்டில், விலையைக் கேட்டால் காபியே கசக்கிற ஒரு கடையில் உட்கார்ந்து, ரிட்டையர் ஆகித் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு வீடியோ கால் போட்டேன். பின்னணியில் தென்னையும் ஒரு கன்றுக்குட்டியும் தெரிந்தன.

"என்ன கண்ணு, சும்மாதான உக்காந்திருக்கற?"

"ஆமாங்ணா. இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்குதுங்க."

"அப்பொ போர்ட ஒருக்கா பாத்துட்டு வந்து பேசு."

போய்ப் பார்த்தேன். கேட் மாறியிருந்தது.