சிடிகே1: அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம்

புற்றுநோய்த் திசுக்களின் ஆர்என்ஏ தரவை இறக்கி, எந்தெந்த மரபணுக்கள் கூடியிருக்கின்றன என்று பட்டியல் போட்டால் சிடிகே1 (மற்றப் புரதங்களில் பாஸ்பேட் ஏற்றி, செல்லைப் பிரியவைக்கும் நொதியின் மரபணு) முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிடும். பக்கத்திலேயே அந்த நொதியின் கூட்டாளிப் புரதமான சைக்ளின் பி1, டிஎன்ஏ முறுக்கை அவிழ்க்கும் டோபோஐசோமரேஸ் 2ஏ. கல்லீரலோ மார்பகமோ நுரையீரலோ, இந்தக் கூட்டணி பெரிதாக மாறாது. சிடிகே1 மரபணுவை எழுப்பிவிடுவதில் முக்கியப் பங்கு ஈ2எஃப் காரணிகளுக்கு. பிரிந்துகொண்டிருக்கும் செல்லில் அவை வேலை செய்யும், ஓய்வில் இருக்கும் செல்லில் அடங்கிக் கிடக்கும். ஆக, கட்டியில் சிடிகே1 கூடியிருக்கிறது என்றால் அங்கே பிரியும் செல்கள் அதிகம் என்பதுதான் பெரும்பாலும் செய்தி. அதை மட்டும் வைத்துக்கொண்டு 'புதிய சிகிச்சை இலக்கு' என்று தலைப்புப் போடுவது அபத்தம்.

மனிதரில் இந்த மரபணு 10ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் இருக்கிறது. புரதம் சிறியது: 297 அமினோ அமிலங்கள், சுமார் 34 கிலோடால்டன். 1987இல் மெலனி லீயும் பால் நர்ஸும் இதைப் பிடித்த விதம் இன்றும் ரசிக்கத்தக்கது. பிளவு ஈஸ்ட்டில், செல் பிரிவுக்கு அவசியமான சிடிசி2 மரபணு பழுதான வகை, வெப்பம் கூடினால் பிரியாமல் நின்றுவிடும். அதற்குள் மனித சிடிஎன்ஏ நூலகத்தை (மனித மரபணுக்களின் டிஎன்ஏ நகல் தொகுப்பை) ஏற்றி, வெப்பத்திலும் பிரிந்து வளர்ந்த செல்களைப் பொறுக்கி எடுத்தார்கள். அவற்றைப் பிழைக்க வைத்த மனிதத் துண்டுதான் சிடிகே1. நூறு கோடி ஆண்டு கடந்தும் ஈஸ்ட் அதை ஏற்றுக்கொண்டது.

தொடர்ந்து பிரியும் செல்லில் இந்தப் புரதத்தின் மொத்த அளவு சுழற்சி முழுக்க ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். ஏறி இறங்குவது சைக்ளின் பி1. அது வந்து சேர்ந்ததும் திரியோனின் 161இல் (161ஆம் இடத்தில் உள்ள திரியோனின் அமினோ அமிலத்தில்) சிடிகே7 என்ற நொதி ஒரு பாஸ்பேட்டை ஏற்றும்; அது இயங்குவதற்கானது. ஆனால் டைரோசின் 15இல் வீ1, திரியோனின் 14இல் மைட்1 என்ற நொதிகள் ஏற்றும் பாஸ்பேட்டுகள் இயக்கத்தை அடக்கி வைக்கும். சிடிசி25 என்ற நொதி அவற்றைக் கழற்றினால்தான் செல் மைட்டோசிஸில், அதாவது பிரியும் கட்டத்தில், நுழையும். இயங்கத் தொடங்கிய சிடிகே1 வீ1ஐ அடக்கி, சிடிசி25ஐ மேலும் தூண்டும். அதனால் மாற்றம் படிப்படியாக நடக்காது, ஒரேயடியாகப் புரளும்.

ஆகவே வெஸ்டர்ன் பிளாட்டில் (ஜெல்லில் பிரித்த புரதத்தை ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் சோதனையில்) மொத்த சிடிகே1 பட்டையை மட்டும் காட்டுவதில் பயனில்லை. டைரோசின் 15 பாஸ்பேட்டைப் பாருங்கள். அதிலும் ஒரு கண்ணி உண்டு. மைட்டோசிஸில் அந்தப் பட்டை மங்கும், சரி. ஜி1இலும் (பிரிந்து முடிந்து, டிஎன்ஏ இரட்டிப்பதற்கு முந்தைய கட்டம்) மங்கலாகத்தான் இருக்கும், ஏனென்றால் சைக்ளின் சேராத சிடிகே1இல் அந்தப் பாஸ்பேட் பெரிதாக ஏறுவதில்லை. 'மருந்து கொடுத்தேன், டைரோசின் 15 குறைந்தது, சிடிகே1 முடுக்கப்பட்டது' என்று எழுதிய பிறகு, செல்கள் ஜி1இல் தேங்கி நின்றது தெரியவந்தால் கதை கந்தலாகிவிடும். அதே லைசேட்டில் (உடைத்த செல்களின் கரைசலில்) சைக்ளின் பி1, மைட்டோசிஸின் அடையாளமான ஹிஸ்டோன் எச்3 செரின் 10 பாஸ்பேட் இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். மூன்றும் ஒரே கதையைச் சொன்னால்தான் சாட்சி.

தெளிவாகப் பார்க்க, செல்களை ஜி2 (டிஎன்ஏ இரட்டித்த பின், மைட்டோசிஸுக்கு முந்தைய கட்டம்) முடிவில் மருந்தால் நிறுத்தி, பிறகு மருந்தைக் கழுவி அவிழ்த்துவிடுவதே நல்ல வழி. ஆர்ஓ-3306 இதற்கென்றே அமைந்த தடுப்பான்: சிடிகே1க்கு கேஐ (தடுப்பு மாறிலி; குறைந்தால் தடுப்பு வலுவானது) 35 நானோமோலார், உறவுக்கார நொதி சிடிகே2க்கு 340. இடைவெளி பத்து மடங்குதான் என்பதால் அளவைக் கூட்டினால் சிடிகே2வும் மாட்டும். டிஎன்ஏ இரட்டிக்கும் எஸ் கட்டமே தடுமாறும். டிஎம்எஸ்ஓ கரைப்பானில் 9 மில்லிமோலார் ஸ்டாக் வைத்துக்கொண்டு ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 9 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதத்தோடு நிற்கும். ஹீலா செல்கள் பிளேட்டில் பாதிக்குச் சற்று மேல் நிரம்பியிருக்கும்போது சேர்த்து 20 மணி நேரம். நெருக்கியடித்து வளர்ந்த பிளேட்டில் பலவும் ஜி1இலேயே உட்கார்ந்திருக்கும், எத்தனை மணி நேரம் வைத்தாலும் ஜி2க்கு வராது. நேரத்தை இன்னும் நீட்டினாலோ, பிரியாமலே டிஎன்ஏவை மறுபடி இரட்டிக்கும் செல்களும் சாகும் செல்களும் கூடும்.

மருந்தைக் கழுவுவது 37 டிகிரியில் சூடாக்கிய மீடியத்தில் (செல் வளர்ப்புத் திரவத்தில்), மூன்று முறை, சுணங்காமல். குளிர்ந்த பிபிஎஸ் (உப்புக் கரைசல்) ஊற்றினால் குரோமோசோம்களை இழுக்கும் இழைகளான மைக்ரோடியூபுல்கள் கலையும், செல்கள் முன்னும் பின்னுமாக நுழையும். ஒழுங்காகக் கழுவியிருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலானவை உருண்டு நிற்பதை மைக்ராஸ்கோப்பிலேயே பார்க்கலாம். 0, 15, 30, 45, 60, 90 நிமிடங்களில் மாதிரி எடுங்கள். உருண்ட செல்கள் பிடிப்பில்லாதவை, லேசாகத் தட்டினாலே கழன்றுவிடும். மீடியத்தைச் சிங்க்கில் கொட்டிவிட்டுப் பிளேட்டை மட்டும் சுரண்டினால், தேடிவந்த செல்களைத்தான் கொட்டியிருப்பீர்கள். மீடியத்தையும் 300 ஜி சுழல்விசையில் 5 நிமிடம் சுழற்றி, அடியில் சேர்வதைப் பிளேட்டில் எடுத்ததோடு சேர்த்துவிடுங்கள்.

பாஸ்பேட் கழன்றுபோவது பெரும்பாலும் லைசிஸின்போது, அதாவது செல்களை உடைக்கும்போதுதான். பாஸ்பேட்டைக் கழற்றும் டைரோசின் பாஸ்படேஸை நிறுத்த சோடியம் ஆர்த்தோவனடேட் வேண்டும், அதுவும் தயார்ப்படுத்தியதாக இருக்க வேண்டும். 200 மில்லிமோலார் கரைசலின் பிஎச்சை 10க்குக் கொண்டுவாருங்கள். மஞ்சளாக மாறினால் டெக்காவனடேட் (பல வனடேட் சேர்ந்த வடிவம்) உருவாகியிருக்கிறது, அது உதவாது. நிறம் போகும்வரை கொதிக்கவிட்டு, ஆறவைத்து, மறுபடி பிஎச் 10க்குத் திருத்துங்கள். நிறமற்றும் பிஎச் அசையாமலும் நிற்கும்வரை இதையே திரும்பச் செய்து, சிறு குப்பிகளில் உறையவையுங்கள். பயன்பாட்டு அளவு 1 மில்லிமோலார். லைசிஸ் பஃபரில் ஈடிடிஏவோ டிடிடியோ இருந்தால் வனடேட்டின் வேலை கெடும். இதைக் கவனிக்காமல் வாரக்கணக்கில் ஆன்டிபாடியைத் திட்டுபவர்கள் உண்டு. இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் செல்களைச் சூடான எஸ்டிஎஸ் சாம்பிள் பஃபரிலேயே கரைத்து, 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்துவிடுங்கள். எந்த நொதியும் பிழைக்காது.

12 சதவீத ஜெல்லைச் சற்று நீளமாக ஓட்டினால், மொத்த சிடிகே1 ஆன்டிபாடியிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட பட்டைகள் பிரியும். மெதுவாக நகர்பவை அடக்கும் பாஸ்பேட் ஏறியவை. அவிழ்த்துவிட்ட பிறகு மேல்பட்டை மங்கிக் கீழ்ப்பட்டை தடிக்கும். டைரோசின் 15 பாஸ்பேட் ஆன்டிபாடிக்கு இன்னொரு எச்சரிக்கை: அந்த இடத்தைச் சுற்றியுள்ள வரிசை சிடிகே2விலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறது, எடையும் ஏறக்குறைய அதேதான். எனவே எஸ் கட்ட செல்களில் தெரியும் பட்டையில் சிடிகே2வின் பங்கும் கலந்திருக்கும். சந்தேகம் வந்தால் சைக்ளின் பி1 ஆன்டிபாடியால் அதையும் அதோடு ஒட்டிய சிடிகே1ஐயும் இழுத்தெடுத்து, அந்த மாதிரியில் டைரோசின் 15 பாருங்கள். எதிர்மறைக் கன்ட்ரோலுக்கு வீ1 தடுப்பான் அடாவோசெர்டிப் கொடுத்த செல்களை ஒரு லேனில் ஓட்டுங்கள். அதிலும் பட்டை அப்படியே நின்றால் முதலில் ஆன்டிபாடியைச் சந்தேகியுங்கள்.