பிரேக் வேனில் ஏறக் கேட்டவர்

ரூல் புத்தகத்தில் இதற்குக் குழப்பமே கிடையாது. ரயிலின் கடைசியில் கார்டாக நான் வரும் பிரேக் வேனில், கார்டும் அனுமதி உள்ளவர்களும் தவிர வேறு யாரும் ஏறக் கூடாது. நான் ஏற்றவில்லை. விஷயம் அவ்வளவுதான். ஆனாலும் ஏறக் கேட்ட பாட்டா, வயசான மனுஷன், என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் காதில் கிடக்கிறது.

இரட்டைப் பாதை வேலை தொடங்காத காலம். திருவனந்தபுரம் போகிற பாசஞ்சரை, கன்னியாகுமரி மாவட்டத்து இரணியலில், எதிர் வண்டிக்கு வழிவிடக் கிராசிங்குக்கு நிறுத்தியிருந்தார்கள். எதிர் வண்டி இன்னும் குழித்துறை தாண்டவில்லை. இந்த மாதிரி நேரத்தில் ஆட்கள் இறங்கி நடப்பார்கள், தண்ணீர் பிடிப்பார்கள், கடைசிப் பெட்டி வரை வந்து "எப்பம் எடுக்கும்?" என்று கேட்பார்கள். அவரும் அதற்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வெள்ளை வேட்டி, கையில் எக்ஸ்ரே கவர். மெடிக்கல் காலேஜுக்குப் போகிற ஆள் என்று பார்த்தாலே தெரியும்.

"சாறே, ஒரு உபகாரம். குழித்துறைப் பாலம் தாண்டுத வரைக்கும் மதி. இதுல நிண்ணுக்கிடட்டா? உள்ள வாசலெல்லாம் ஆளு. எனக்கு ஆத்தைப் பாக்கணும்."

பாலம் கட்டும்போது கல் சுமந்தவராம். 1979-இல் லைன் திறந்தார்கள். அதற்கு முன்னால் இங்கே ரயில் ஏற வேண்டுமென்றால் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோதான் போக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவர் வயசுக்குச் சரியாகத்தான் வந்தது.

"பாட்டா, இதுல ஆளு ஏத்தப்பிடாது. சட்டம் அப்படி."

"நீரு தெனமும் பாக்கியேரு. நான் ஒருநாளு பாத்தா ஆறு கொறஞ்சா போவும்?"

கோபமாகச் சொன்னாரா கேலியாகச் சொன்னாரா என்று இன்றுவரை முடிவுக்கு வர முடியவில்லை. கோபம் என்றால் தாங்கிக்கொள்ளலாம்.

பாலம் என்றால் எங்களுக்கு ஒரு பயம் உண்டு. 1988 ஜூலை 8-ஆம் தேதி கேரளத்தில் கொல்லம் பக்கத்துப் பெருமண் பாலத்தில் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அஷ்டமுடிக் காயலுக்குள் விழுந்து 105 பேர் போனார்கள். சுழற்காற்று என்று விசாரணையை முடித்தார்கள். அதை நம்பாதவர்கள் இன்றும் நிறையப் பேர். வயசானவரை வாசலில் நிற்க வைத்து, பாலத்தின் மேல் கால் தவறினால் யார் பதில் சொல்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அப்புறம், பெருமணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றும் தோன்றும். அங்கே பெட்டிகளே விழுந்தன. இங்கே அவர் வந்த பெட்டியின் வாசலில் பையன்கள் தொங்கிக்கொண்டுதான் வந்தார்கள். அதைவிட என் வேன் பத்திரம்தான்.

சரி, யாரையும் ஏற்றியதே இல்லையா? டிராக் ஆட்கள் கருவிகளோடு ஏறுவார்கள், அதைச் சேர்க்க வேண்டாம். கூட வேலை பார்த்தவரின் மகன் அட்மிஷனுக்குப் போனபோது என் லைன் பாக்ஸ், அதாவது டியூட்டி சாமான் பெட்டி மேல் உட்கார்ந்துதான் வந்தான். பாலம் வந்ததும் கூப்பிட்டுக் காட்டியதும் நான்தான்.

காட்ட வேண்டிய இடம்தான் அது. கிழக்கே அரல்வாய்மொழிப் பக்கம் எல்லாம் திறந்து கிடக்கும்: காற்றாலை, மலை, தோவாளைப் பூத்தோட்டம். மேற்கே அப்படியில்லை. செம்மண் வெட்டுக்குள் வண்டி நுழைந்தால் இரண்டு பக்கமும் சுவர்தான். 2021 நவம்பர் மழையில் இந்த லைனில் மண் சரிந்து வண்டிகள் நின்றது இப்படிப்பட்ட இடங்களில்தான். வெட்டு முடிந்தால் வாழை, மரச்சீனி, ரப்பர், மறுபடி வெட்டு. இப்படியே வந்து, சட்டென்று இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லாமல் ஆறு. பேச்சிப்பாறைப் பக்கமிருந்து வரும் கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, தேங்காப்பட்டணத்தில் கடலில் விழப் போகிற தண்ணீர். இதற்கும் தாமிரபரணி என்றுதான் பெயர், திருநெல்வேலிக்காரர்கள் மன்னிக்க வேண்டும். ஆடி அமாவாசை வாவுபலிக்கு எங்கள் வண்டியில் வந்து குழித்துறையில் இறங்கும் கூட்டமெல்லாம் இந்த ஆற்றுக்குத்தான்.

ஆனால் தினமும் பார்க்கிறேன் என்று அவர் சொன்னது சரியில்லை. பாலத்தில் சத்தம் மாறும்போது பெரும்பாலும் நான் ரஃப் ஜர்னலில் இரணியல் கிராசிங் நேரத்தை எழுதிக்கொண்டிருப்பேன். இதை அவரிடம் சொல்லியிருந்தால் இன்னும் கோபப்பட்டிருப்பார்.

எதிர் வண்டி வந்தது, சிக்னல் விழுந்தது, பச்சைக் கொடி காட்டினேன். அன்று பாலத்தில் ஜர்னலையும் எடுக்கவில்லை, ஆற்றையும் பார்க்கவில்லை. முன்பெட்டி வாசல்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். நீட்டிக்கொண்டிருந்த தலைகளில் அவருடையது இருந்ததா என்று தெரியவில்லை.

திருவனந்தபுரத்தில் லோகோ பைலட்டிடம் சொன்னேன். "அந்த ஊர்ல வயசான ஆளு எல்லாம் பாலத்துக்குக் கல்லு சொமந்தேன்னுதான் சொல்லும்" என்று சிரித்தார். கொஞ்ச நாள் அது ஆறுதலாக இருந்தது. பிறகு யோசித்தால், அவ்வளவு பெரிய பாலத்துக்கு எத்தனையோ பேர்தானே சுமந்திருக்க வேண்டும். எல்லாரும் சொன்னால் எல்லாரும் உண்மை சொல்வதாகவும் இருக்கலாமே.

2022-இலிருந்து கார்டு என்ற பெயர் போய் டிரெயின் மேனேஜர் ஆகிவிட்டது. புதிதாக வந்த பையன் ஒருவன் என்னிடம் கேட்டான், யாராவது வேனில் ஏறக் கேட்டால் என்ன செய்வது என்று. யாராக இருந்தாலும் ஏற்றாதே என்றேன்.

"நம்ம ஸ்டாஃப் வீட்டு ஆளுன்னா?"

"அது வேற" என்றேன்.