போறணைப் புகைக்குழாய்க்கு ஒரு தகரத் தொப்பி

சென்னையில் கடைக்காரரிடம் 'சிம்னி மூடி' என்று கேட்டால், சமையலறை அடுப்புக்கு மேலே மாட்டும் மின்சாரப் பெட்டியின் ஃபில்டரை எடுத்து நீட்டுவார். வயதானவர் என்றால் விளக்குச் சிம்னியைத் தேடுவார். யாழ்ப்பாணம், வவுனியாப் பக்கமிருந்து வந்து வளசரவாக்கத்திலோ போரூரிலோ வாடகை வீட்டுப் பின்கட்டில் விறகுப் போறணை கட்டிப் பாண் (பிரெட்) சுடுகிறவர்களுக்கு இரண்டும் உதவாது. மொட்டை மாடிக்கு மேலே நீளும் குழாயின் வாய்க்குத் தொப்பி வேண்டும். அதை நாமே அரை நாளில் செய்யலாம். போறணையை இங்கே 'விறகு ஓவன்' என்று சொல்லுங்கள், கறளைத் 'துரு' என்று சொல்லுங்கள், கொத்தனாரை ஊரில் போல 'பாஸ்' என்று கூப்பிடாதீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

கீழே உள்ள அளவெல்லாம் 8 அங்குல விட்டமுள்ள குழாய்க்கு.

தகடு வாங்க லிங்கிச் செட்டித் தெரு, மண்ணடிப் பக்கம் போகலாம். "அண்ணே, 22 கேஜ் எஸ்.எஸ்., 304, ரெண்டுக்கு ரெண்டு அடியில ஒரு பீஸ்" என்று கேளுங்கள். எஸ்.எஸ். என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கேஜ் அதன் தடிமன், 304 அதன் ரகம். "202 போதும் சார், பார்க்க ஒண்ணுதான்" என்று பதில் வரலாம். பார்க்க ஒன்றுதான். ஆனால் 202-இல் நிக்கல் குறைவு, உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். காந்தத்தை நம்ப வேண்டாம். 202, 304 இரண்டிலுமே ஒட்டாது. சோதனைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டுக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள், 202 சிவக்கும். ஜி.ஐ. தகடு, அதாவது நாகம் பூசிய இரும்புத் தகடு, மலிவுதான். ஆனால் தொடர்ந்து 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நாகப் பூச்சு உரியத் தொடங்கும். விறகுப் புகைக்கு மேலே அது நிற்காது.

தொப்பி கூம்பு வடிவம். அதன் விளிம்பின் விட்டம் குழாயைப் போல இரண்டு மடங்கு, அதாவது 16 அங்குலம். உச்சி 4 அங்குலம் எழும்ப வேண்டும். அதற்குத் தகட்டில் 9 அங்குல ஆரத்தில் வட்டம் வெட்டுங்கள். நூல் கட்டி வட்டம் போட்டால் நூல் இழுபட்டு வட்டம் கோணும்; ஒரு மரச்சட்டத்தில் 9 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி அடித்துக் கீறுங்கள். வெட்டுமுன் நடுவில் 6 மி.மீ. துளை போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் மடக்கும்போது நடுவில் கிழியும். இனி வெளிவிளிம்பில் டேப்பை வளைத்து 5¼ அங்குலம் குறித்து, அங்கிருந்து நடுத்துளை வரை ஆப்பு வடிவில் வெட்டி எடுங்கள். வெட்டிய இரு ஓரங்களையும் சேர்த்தால் கூம்பு வரும். கணக்குப்படி எடுக்க வேண்டியது 6¼. மீதி ஒரு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் மூட்டுக்கு. வெட்டாமல் அப்படியே சுருட்டினால் இரட்டைத் தகட்டுக்குள் தண்ணீர் தங்கி அங்கிருந்துதான் அரிக்கும். முதலில் காலண்டர் அட்டையில் செய்து பார்ப்பது நல்லது. கையுறை கட்டாயம், விளிம்பை அரத்தால் இழைத்துவிடுங்கள்.

மூட்டுக்கு 4 ரிவெட், 4 மி.மீ., துரப்பணம் 4.1. ரிவெட்டும் எஸ்.எஸ். ஆக இருக்கட்டும். எஸ்.எஸ். தகட்டில் அலுமினிய ரிவெட் போட்டால் கடற்காற்று ஈரத்தில் ரிவெட் கரைந்து, தலை மட்டும் மிஞ்சும். திருவான்மியூர், பெசன்ட் நகரில் இன்னும் வேகமாக. நடுத்துளையை 6 மி.மீ. போல்ட்டும் அகல வாஷரும் போட்டு அடைத்து, மேலே சூடு தாங்கும் சிவப்புச் சிலிக்கான் பூசுங்கள்.

எல்லாரும் தவறுவது இடைவெளியில்தான். குழாய் வாய்க்கும் தொப்பி விளிம்புக்கும் நடுவே உயரம் எவ்வளவு? புகை வெளியேறும் பரப்பு மட்டும் கணக்கென்றால் குழாய் விட்டத்தில் கால் பங்கு, 2 அங்குலம் போதும். ஆனால் வலையும் அதில் பிடிக்கும் கரியும் பாதியைத் தின்றுவிடும்; புகை திரும்பி அறைக்குள் வரும், அதோடு கார்பன் மோனாக்சைடும். சரி, 6 அங்குலம் வைத்தால்? ஐப்பசி, கார்த்திகை மழை இங்கே நேராகப் பெய்யாது. தொப்பி குழாயைத் தாண்டி 4 அங்குலம் நீள்கிறது. இடைவெளியும் 4 என்றால் 45 டிகிரி சாய்ந்த மழை குழாய் வாயைத் தொட்டுத்தான் விழும். அதற்கு மேல் வைத்தால் போறணைக்குள் கரித்தண்ணீர். எனவே 4.

கால்கள் நான்கு, 25×3 மி.மீ. எஸ்.எஸ். பட்டையில், ஒவ்வொன்றும் 11 அங்குலம்: மேலே 1 அங்குலம் கூம்பின் சரிவுக்கு மடிப்பு, நடுவே 6, குழாயோடு ஒட்டி 4. குழாய்க்கு நேர்மேலே கூம்பு விளிம்பைவிட 2 அங்குலம் உயரம் என்பதால்தான் நடுவே 6. மடிப்புக்கு இரண்டிரண்டு ரிவெட். காலைச் சுற்றிக் காக்கைக்கும் புறாவுக்கும் அரை அங்குலக் கண் கொண்ட வெல்டு மெஷ்: 7 அங்குல உயரம், 27 நீளம், எஸ்.எஸ். கம்பியால் கட்டு. கொசுவலை போடவே கூடாது, பச்சைச் சவுக்கு எரித்தால் பத்து நாளில் தார் அடைத்துவிடும்.

குழாயில் துளை வேண்டாம். ஹவுஸ் ஓனர் கேட்பார் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, துளை வழியாகவும் துரு ஏறும். 27 அங்குலப் பட்டை இரண்டு எடுத்து, முனைகளை ஒரு அங்குலம் காதாக மடித்து, கால்களின் மேல் சுற்றி 8 மி.மீ. போல்ட்டால் இறுக்குங்கள். ஒரே பட்டை போட்டால் தொப்பி ஆடும். 2016 டிசம்பர் 12-இல் வந்த வர்தா புயல் மரங்களையே பெயர்த்தது. காற்று தொப்பியை மேலே தூக்கத்தான் பார்க்கும். மூட்டு தென்மேற்கைப் பார்த்து இருக்கட்டும், மழை வடகிழக்கிலிருந்து வரும்.

தொப்பி சரியாக இருந்தும் புகை இறங்கினால் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். 10 அடிக்குள் உயரமாக எது இருந்தாலும் குழாய் அதைவிட 2 அடி மேலே நிற்க வேண்டும்.

புரட்டாசியில் ஒருமுறை சுற்றுப் பட்டைகளைத் தளர்த்தித் தொப்பியை இறக்கி வலையைத் தட்டுங்கள். வீடு மாறும்போது கழற்றிக் கொண்டுபோகலாம். புது வீட்டுக் குழாய் 6 அங்குலம் என்றால் கூம்பு அப்படியே உதவும். கால்களைக் கழற்றி உள்ளே தள்ளி ரிவெட் அடித்து, சுற்றுப் பட்டைகளை மட்டும் 20½ அங்குலத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள்.