கானாடுகாத்தானில் பார்த்த லாரி

சித்திரை வெயிலில் செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தான் போயிருந்தேன். இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய வீட்டு வாசலில் லாரி, அதில் செதுக்கிய நிலைக்கதவும் நாலு பர்மா தேக்குத் தூணும் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது.

ஒரு தெருவில் முகப்பு தொடங்கி அடுத்த தெருவில் பின்வாசல் முடிகிற வீடுகள் இவை. முகப்பில் நின்றால் வளவு என்கிற உள்முற்றம், இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டி பின்வாசல் வெளிச்சம் நேராகத் தெரியும். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவரில் உள்ளங்கையை வைத்தேன், அந்த வெயிலிலும் சில்லென்று இருந்தது, கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. தயவுசெய்து அதன் மேல் சிமெண்ட் பூசாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரைத் தின்றுவிடும்.

யாரும் ஆசைப்பட்டு இடிப்பதில்லை என்பதும் தெரியும். ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள், ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஓடு மாற்ற யார் எவ்வளவு போடுவது என்று பேசி முடிப்பதற்குள் நாலு மழை போய்விடும், நழுவிய ஓட்டு வழியே தண்ணீர் உத்திரத்தில் இறங்கும், அப்புறம் கரையான்தான்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன. சரி, பட்டியல் ஓடு மாற்றுமா? வீடு மட்டுமா, மழைத்தண்ணீரை ஊருணிக்குக் கொண்டுபோகிற வாய்க்காலும் சேர்ந்ததுதானே ஊர், அதை அடைத்துக் கடை கட்டினால் எப்படி?

அங்கே பங்கு இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுகிற அடுத்த படைப்புக்கு எல்லாரும் கூடும்போது ஓடு மாற்றுகிற செலவுக் கணக்கை அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள், ஐப்பசி மழைக்கு முன்னால்.